பயிற்சி அறைக்குள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்

தமிழ்நாட்டின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சிக் கட்டகம் எழுதுகிறவர்களுக்கும், அதை மாவட்டம், வட்டாரம் என்று கொண்டுபோய்ச் சேர்க்கிற கருத்தாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் இடைநிலை ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் 4, 5ஆம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். 1, 2, 3 என் பொறுப்பு. அடுத்த பருவத்துக்கான பயிற்சி பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. கட்டகம் அச்சுக்குப் போவதற்குள் ஒரு விஷயத்தை உங்கள் காதில் போட்டுவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். விஷயம் ஒன்றுதான், ஆனால் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் புரியும்.

ஒரு பிள்ளை எவ்வளவு படித்திருக்கிறது என்பது ஒன்று. அந்தப் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது வேறு. எங்களுக்குக் கிடைக்கிற பயிற்சி முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகிறது. இரண்டாவதைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை. பேசினாலும், ஒரு பிள்ளைகூட இல்லாத கூடத்தில் திரையைக் காட்டிப் பேசுகிறார்கள்.

2022 ஜூனில், 1 முதல் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்றுத்தர எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது மனதார வரவேற்றவள் நான். இன்றும் அதை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, முதல் வகுப்பில் உட்காராமலேயே மூன்றாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் அன்று எங்கள் முன்னால் இருந்தார்கள். பாடப்புத்தகத்தை முடி என்று விரட்டாமல், பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து ஆரம்பி என்று அரசே சொன்னது சாதாரண விஷயம் இல்லை. பிள்ளைகள் கற்ற அளவை வைத்து, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பயிற்சி நூல் கொடுத்து, பாடல் களம், கதைக் களம், படைப்புக் களம் என்று வகுப்பறையையே மாற்றி அமைக்கச் சொன்னார்கள். மறு வருடம் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் அது போனது. எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்ற பழைய வழக்கத்தை எழுத்துப்பூர்வமாக உடைத்த திட்டம் அது.

ஆனால் அரும்பு என்ற அந்த ஒரே பெயருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன். ஐந்து வயது முடிந்து சில மாதம்தான் ஆகிறது. அங்கன்வாடிக்குச் சரியாகப் போகவில்லை. ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்கார வைப்பதே பெரிய வேலை. பென்சிலை முஷ்டி மடக்கிப் பிடிப்பான். அவன் அரும்பு. அதே அரும்புக் கூட்டத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. மூன்றாம் வகுப்பு. வருடத்தில் பாதி நாள் பெற்றோரோடு செங்கல் சூளையில் இருந்துவிட்டு வருகிறவள். தம்பியைக் குளிப்பாட்டுவாள், சோறு வடிப்பாள், கடைக்குப் போய் நூறு ரூபாய் நோட்டுக்கு மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வாங்கி வருவாள். எழுத்து மட்டும் தெரியாது. இருவருக்கும் ஒரே பயிற்சி நூல், ஒரே பக்கம். மாம்பழத்துக்கு வண்ணம் தீட்டி, கீழே 'மா' எழுத வேண்டும். பையன் வண்ணக்குச்சியை அழுத்தித் தாளையே கிழித்துவிடுகிறான். அவளோ, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மூன்றாம் வகுப்புத் தோழிகள் பார்த்துவிடாதபடி முழங்கையால் நூலை மறைத்துக்கொள்கிறாள்.

அடைவுத் தேர்வில் இரண்டு பேரும் ஒரே மதிப்பெண். மதிப்பீட்டைப் பதிவேற்றுகிற செயலியில் இரண்டு பேரும் ஒரே கட்டத்தில். ஆனால் அவனுக்கு வேண்டியது களிமண், மணி கோர்ப்பது, தாள் கிழித்து ஒட்டுவது, கதை கேட்பது, ஓடுவது. விரல்களின் சின்னச் சின்னத் தசைகள் பலப்பட்டால்தான் பென்சில் அவன் பேச்சைக் கேட்கும். அவளுக்கோ மாம்பழப் படமே தேவையில்லை. அவள் மனம் வளர்ந்துவிட்டது. விதியைச் சொன்னால் பிடித்துக்கொள்வாள். ரேஷன் கார்டில் இருக்கிற அம்மா பெயர், பேருந்தின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயர், கடை ரசீது என்று அவள் வாழ்க்கையில் இருக்கிற எழுத்தைக் கொடுத்தால் சில மாதங்களில் அவளால் எட்டிப் பிடித்துவிட முடியும். அவளுக்குக் கொடுக்க வேண்டியதை அவனுக்குக் கொடுத்தால் அவன் அழுவான். அவனுக்குக் கொடுக்க வேண்டியதை அவளுக்குக் கொடுத்தால் அவள் பள்ளிக்கே வரமாட்டாள்.

இந்த வித்தியாசத்தைப் பார்க்க எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை. இது கட்டகத்தில் இல்லை. ஆசிரியர் கையேட்டிலும் இல்லை.

கணக்கிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். அந்த ஐந்து வயதுப் பையன் முன்னால் புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக வையுங்கள். வரிசைக்கு 7, ஒன்றுக்கொன்று நேராக. இரண்டிலும் சமமா என்றால் "ஆமா டீச்சர்" என்பான். அவன் பார்க்கப் பார்க்கவே ஒரு வரிசையை மட்டும் இழுத்துப் பரப்புங்கள். இப்போது எதில் அதிகம்? நீளமான வரிசையைக் காட்டுவான். எண்ணச் சொல்லுங்கள். இரண்டையும் தொட்டுத் தொட்டு எண்ணி, இரண்டுக்கும் ஏழு என்று சரியாகச் சொல்வான். சரி, எதில் அதிகம் என்று மறுபடி கேளுங்கள். மறுபடியும் நீளமானதையே காட்டுவான். அவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? தெரிகிறது. கவனக்குறைவா? கிடையாது. பரப்பி வைத்தாலும் குவித்து வைத்தாலும் ஏழு ஏழுதான் என்பது அவன் மனதில் இன்னும் உட்காரவில்லை. அந்த வயதில் அது இயல்பு. ஆறு, ஏழு வயதுவாக்கில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும். கையில் பொருளை எடுத்து, அடுக்கி, கலைத்து, பங்கு போட்டு விளையாட விட்டால் நன்றாகவே வரும். அதற்குப் பதிலாக, படத்தில் இருக்கிற பலூன்களைக் கூட்டி விடை எழுது என்று தாளை நீட்டினால், அவன் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதக் கற்றுக்கொள்வான்.

இன்னொரு பிள்ளை 1 முதல் 100 வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும். வீட்டில் பெருமையோடு சொல்லிக் கொடுத்திருப்பார்கள். "அஞ்சு குச்சி எடுத்துட்டு வா" என்றால் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு வரும். எண்ணி முடிக்கும்போது கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை. இந்தப் பிள்ளையைச் செயலியில் எந்தக் கட்டத்தில் போடுவது? எண்கள் அறிதல் என்ற இடத்தில் டிக் போட்டுவிட்டு நகர்ந்தால், அடுத்த வருடம் கழித்தல் கணக்கில் வந்து விழும்.

தமிழ் எழுத்திலும் இப்படி ஓர் இடம் இருக்கிறது. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வருகிறது, ஆனால் வாய் முதலில் உச்சரிப்பது 'க்'. 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் எழுத்து. காதில் விழுகிற வரிசையும் கை எழுதுகிற வரிசையும் வேறு வேறாக இருக்கிற இடம் இது. சின்னப் பிள்ளைகள் 'க' எழுதிவிட்டுப் பின்னால் கொம்பு போடுவார்கள். காது சொன்ன வரிசையில் எழுதுகிறார்கள். அதாவது ஒலியைச் சரியாகப் பிரித்துவிட்டார்கள். அதைப் பார்த்து ஓர் ஆசிரியர் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் எங்கள் பயிற்சியில் அது 'எழுத்துப்பிழை' என்ற ஒரே கூடையில் விழுகிறது. 247 எழுத்துகளை எந்த வரிசையில் அறிமுகப்படுத்துவது என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். பிள்ளையின் பிழை எதைச் சொல்கிறது என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதில்லை.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வகுப்பில் ஐந்து முடிந்து ஒரு வாரம் ஆனவனும் இருப்பான், ஆறைத் தொடப் போகிறவளும் இருப்பாள். பெரியவர்களான நமக்கு ஒரு வருடம் பெரிதாகத் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது வாழ்ந்த வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு. அத்தோடு வீட்டு மொழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், நீலகிரியில் படுக மொழியும் பழங்குடி மொழிகளும், சூளைகளிலும் கட்டட வேலை நடக்கிற இடங்களிலும் ஒடியாவும் இந்தியும். புது மொழிக்குள் வந்த பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பேசாத பிள்ளையை ஒன்றும் தெரியாத பிள்ளை என்று பதிவு செய்வது எவ்வளவு சுலபம் என்பது வகுப்பெடுப்பவர்களுக்குத் தெரியும்.

சில நேரம் விஷயம் வளர்ச்சியும் இல்லை, படிப்பும் இல்லை. எனக்குத் தெரிந்த பள்ளி ஒன்றில் ஒரு சிறுமி இரண்டு வருடம் அரும்பிலேயே இருந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், சொன்னதைச் செய்ய மாட்டாள். புதிதாக வந்த ஆசிரியை அவளை வலப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார், இடப் பக்கத்திலிருந்தும் கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு காதில் நாள்பட்ட சீழ். இன்னொரு காதிலும் கேட்பது குறைவு. மருத்துவமனைக்குப் போய், மருந்து போட்டு, முன் வரிசையில் உட்கார வைத்தபின் அவள் படிக்க ஆரம்பித்தாள். அந்த ஆசிரியை செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை, பார்க்கத் தெரிந்திருந்தது. ஆசிரியர் பயிற்சி என்று நான் கேட்பது அந்தப் பார்வையைத்தான்.

இதெல்லாம் ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு இரண்டு வருடம். குழந்தை வளர்ச்சி என்று தனிப் பாடமே உண்டு. குழந்தையின் சிந்தனை வளர்வதைப் பற்றி உளவியலாளர் பியாஜே சொன்ன நான்கு நிலைகள், எந்த நிலை எந்த வயதில் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம். பிள்ளை தானாகச் செய்வதற்கும் பிறர் உதவியோடு செய்வதற்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை உளவியலாளர் வைகாட்ஸ்கி அண்மை வளர்ச்சி மண்டலம் என்றார், அதற்கு இலக்கணம் எழுதுவோம். ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகளில் 30 இந்தப் பாடத்திலிருந்துதான், எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். ஆனால் பியாஜேயின் பெயர் தெரிந்த நாங்கள், அவர் வழியில் வந்த அந்தப் புளியங்கொட்டைச் சோதனையை ஒரு நிஜப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து செய்து பார்த்ததே இல்லை. கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒரு வகுப்பு, ஒரு பாடம், பாடக்குறிப்பு, துணைக்கருவி, மேற்பார்வையாளர் கையெழுத்து. மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்து நடத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதுதான் காத்திருந்தது.

2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் உள்ள, தகுதித் தேர்வு எழுதாமல் பணியில் இருக்கிற ஆசிரியர்களும் அதில் தேற வேண்டும் என்று ஆகியிருக்கிறது. தீர்ப்பைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை, அது வேறு களம். ஆனால் அதன் விளைவை உங்களிடம் சொல்லியாக வேண்டும். இருபது வருடம் பிள்ளைகளோடு இருந்தவர்கள் இன்று மாலை நேரத்தில் கைடு வாங்கி வைத்துக்கொண்டு நான்கு விடைகளில் ஒன்றை வட்டமிடப் பழகுகிறார்கள். குழந்தை வளர்ச்சி என்றாலே தேர்வுக்கு மனப்பாடம் செய்கிற பாடம் என்ற எண்ணம் இன்னும் இறுகப் போகிறது. அதை வகுப்பறை விஷயமாகத் திருப்பிக் கொண்டுவருகிற பொறுப்பு பணியிடைப் பயிற்சியை வடிவமைக்கிற உங்களிடம்தான் இருக்கிறது.

நம் மாநிலத்துக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து கற்கிற செயல்வழிக் கற்றல் தொடங்கியதை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் அதை முன்னின்று நடத்தினார். ஆந்திரத்தில் மதனப்பள்ளி பக்கத்தில் இருக்கிற ரிஷி வேலியில், ஒற்றை ஆசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறைதான் அதற்கு ஊற்று. நம் ஆசிரியர்கள் அங்கேயே போனார்கள். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் வேகத்தில் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தார்கள், வந்து தங்கள் வகுப்பறைக்கு ஏற்றபடி அட்டைகளைத் தாங்களே எழுதினார்கள். அந்த வரிசை முக்கியம்: முதலில் பிள்ளைகளைப் பார்த்தது, அப்புறம் செய்து பார்த்தது, அப்புறம்தான் எழுதியது.

2007-08இல் அது மாநிலம் முழுக்க எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அட்டைகள் எங்களுக்கும் வந்தன. எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டுகிற ஏணிப்படி வந்தது, பிள்ளைகளின் படைப்புகளைத் தொங்கவிடுகிற கம்பிப் பந்தல் வந்தது, ஆரோக்கியச் சக்கரமும் காலநிலை அட்டவணையும் வந்தன. ஆனால் ரிஷி வேலிக்குப் போனவர்களுக்குக் கிடைத்த அனுபவம் வரவில்லை. அது கூடத்தில் நடந்த சில நாள் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. முதலில் செய்தவர்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டு அட்டையை எடுத்தார்கள். பின்னால் வந்த எங்களில் பலர் அட்டை எண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைத் தேடினோம். "புத்தகமே இல்லையே" என்று பெற்றோர் கேட்டபோது பதில் சொல்லவும் தெரியவில்லை. அட்டை முறை மங்கிப்போனதற்கு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். என் கணிப்பில் முதல் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் வந்ததில் நான் இன்னும் பொக்கிஷமாக வைத்திருப்பது கீழ்மட்டக் கரும்பலகை. தரையிலிருந்து பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிலும் ஓடும் பலகை. ஆளுக்கு ஓர் இடம், மேலே அவரவர் பெயர். எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து எழுதும்போது நான் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் போதும். யார் கோட்டைக் கீழிருந்து மேலாக இழுக்கிறார்கள், யார் பக்கத்து இடத்தை எட்டிப் பார்க்கிறார்கள், யார் எழுதி அழித்து எழுதுகிறார்கள், யாருடைய எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பியிருக்கிறது, எல்லாம் தெரிந்துவிடும். நோட்டில் முடிந்துபோன விடைதான் தெரியும். அங்கே பிள்ளையின் கை போகிற வழியே தெரியும். நான் பார்த்த சில பள்ளிகளில் அதன்மேல் பெயின்ட் அடித்து கார்ட்டூன் வரைந்துவிட்டார்கள். அந்தப் பலகை எதற்காக அங்கே இருந்தது என்று அந்த ஆசிரியர்களுக்கு ஒருவர் ஒரு மணி நேரம் செய்து காட்டியிருந்தால் அழித்திருக்க மாட்டார்கள்.

இன்றைய பயிற்சி எப்படி நடக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. மாநிலத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்தில் சிலருக்கு, அவர்கள் வட்டார வள மையத்தில் எங்களுக்கு. ஒவ்வொரு படி இறங்கும்போதும் நாள் குறைகிறது, பேச்சு குறைகிறது, திரையில் ஓடுகிற படம் மட்டும் குறையாமல் வருகிறது. கருத்தாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களும் ஆசிரியர்கள்தான், நேற்றுக் கேட்டதை இன்று சொல்கிறார்கள். ஒரு பயிற்சியில் ஓர் ஆசிரியை எழுந்து கேட்டார்: "மலருக்கு வேலை கொடுத்துட்டு அரும்போட உட்கார்றேன். அந்த நேரம் மொட்டு என்ன பண்ணும் சார்?" கூடமே அமைதியானது, எங்கள் எல்லாருடைய கேள்வியும் அதுதான். "சூழலுக்கு ஏத்த மாதிரி பார்த்துக்கோங்க டீச்சர்" என்று கருத்தாளரிடமிருந்து பதில் வந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு அந்தப் பதிலைச் செய்து காட்ட அங்கே பிள்ளைகள் இல்லை, அவ்வளவுதான்.

கேட்க வந்தது இது. பயிற்சி நாட்களில் பாதியையாவது ஓடிக்கொண்டிருக்கிற பள்ளியில் வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையத்துக்கு ஒரு பள்ளி, முடிந்தவரை ஈராசிரியர் பள்ளி. காலையில் கருத்தாளர் பிள்ளைகளோடு வகுப்பெடுக்கட்டும், நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறோம். ஒவ்வொருவரும் இரண்டு பிள்ளைகளை மட்டும் கவனிக்கிறோம். அவர்கள் என்ன செய்தார்கள், எங்கே தயங்கினார்கள், எங்கே சிரித்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எழுதிக்கொள்கிறோம். மதியம் பிள்ளைகள் சாப்பிட்டு விளையாடப் போனதும் அதைப் பற்றி மட்டும் பேசலாம். மறுநாள் எங்களில் ஒருவர் அதே பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கட்டும். வகுப்பு சொதப்பினால்தான் பேச விஷயமே கிடைக்கும்.

கருத்தாளர்கள் கட்டகத்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால், கலந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிற ஒரு வகுப்பைச் சில வாரம் தாங்களே நடத்திப் பார்க்க வேண்டும். இது என் கற்பனை இல்லை. பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிற பணியைப் பல மாநில அரசுகளோடு சேர்ந்து செய்துவரும் பிரதம் அமைப்பு, பயிற்சி தரப் போகிறவர் முதலில் பிள்ளைகளோடு செய்து பார்க்க வேண்டும் என்பதை விடாமல் கடைப்பிடிக்கிறது. தான் செய்து பார்த்த ஒருவரிடம், மொட்டு என்ன பண்ணும் என்று கேட்டால் பதில் இருக்கும்.

ஈராசிரியர் பள்ளிக்கென்று தனிப் பயிற்சியும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்தான். நம் ஊர்களில் கணிசமான தொடக்கப்பள்ளிகள் அந்த வரம்புக்குள்தான் வருகின்றன. அப்படியிருக்க, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருக்கிற பள்ளியை மனதில் வைத்து எழுதிய கட்டகம் எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? எந்தச் செயல்பாட்டை மூன்று வகுப்பும் சேர்ந்து செய்யலாம், எதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு உதவுவது எப்போது நல்லது, எப்போது அது பெரிய பிள்ளையின் நேரத்தைத் திருடுவதாகிவிடும் என்பதெல்லாம் தனி அறிவு. அது அனுபவசாலி ஆசிரியர்களிடம் சிதறிக் கிடக்கிறது. அவர்களைக் கூப்பிட்டு எழுத வையுங்கள்.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமையாகச் சொல்வது, ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் அறிந்து அதற்கேற்பக் கூடுதலாகச் சொல்லித் தர வேண்டும் என்று. அறிவது என்றால் செயலியில் பதிவேற்றுவது என்று இப்போது ஆகிவிட்டது. படிக்கும்போதே அவ்வப்போது நடத்துகிற வளரறி மதிப்பீட்டின் விடைகளை ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் எதிரே அழுத்தி முடிப்பதற்குள், நெட்வொர்க் கிடைக்காத ஊர்களில் அரை நாள் போய்விடுகிறது. பதிவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளைக்கு ஒரு பக்கம் என்று நான் வைத்திருக்கிற நோட்டில் வாரத்துக்கு இரண்டு வரி எழுதுகிறேன். 'மழை வந்ததும் தானாகக் கதை சொன்னாள்', 'எண்ணும்போது ஒன்றை இரண்டு தடவை தொடுகிறான்'. அந்த நோட்டுதான் எனக்கு மறுநாள் பாடத்தைச் சொல்லித் தருகிறது. அந்த இரண்டு வரியை எப்படிக் கவனித்து எழுதுவது என்பதற்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். ஆய்வுக்கு வருகிற வட்டாரக் கல்வி அலுவலரையும் அதைக் கேட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர்களையும் எங்களோடு ஒரே அறையில் உட்கார வையுங்கள். துறை வேறு என்பது தெரியும். ஆனால் பிள்ளை ஒன்றுதான். மூன்று வருடம் அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவர் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும்போது, நான் ஜூன் மாதம் பூஜ்யத்திலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் என்ன? மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கிற சிறப்பாசிரியர்களையும் அழையுங்கள். தாமதமாக வளர்கிற பிள்ளைக்கும் குறைபாடு உள்ள பிள்ளைக்கும் வித்தியாசம் எங்கே தெரியும், எப்போது காத்திருக்கலாம், எப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்று அவர்கள் எங்களுக்குச் சொல்லித் தரட்டும்.

அரும்பு, மொட்டு, மலர் என்ற பெயர்கள் பிள்ளைகளின் வாயில் வந்துவிட்டன என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "நீ அரும்புதானே" என்று விளையாட்டு மைதானத்தில் கேட்கிறார்கள். தமிழில் அரும்பாக இருக்கிற பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம், ஓவியத்தில் வகுப்பையே தூக்கிச் சாப்பிடலாம். கூட்டம் என்பது இந்த வாரத்துக்கு, இந்த வேலைக்கு மட்டும் என்று கட்டகத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். எப்படிக் கலைத்துக் கலைத்துப் பிரிப்பது என்று செய்து காட்டுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. நான் பயிற்சிக்கு வருகிற நாளில் தலைமையாசிரியர் ஐந்து வகுப்புகளையும் தனியாகப் பார்க்கிறார். அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் நான் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பயிற்சி என்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து யாராவது வர வேண்டும், அங்கே ஓர் ஆள் குறையும். பயிற்சி நாளுக்கு மாற்று ஆசிரியர் ஏற்பாடு இல்லாமல் ஈராசிரியர் பள்ளிக்கு எந்தப் பயிற்சியும் முழுதாகப் பயன்படாது. குறுவள மையத்துக்கு ஒருவரை இதற்கென்றே வைக்க முடியுமா என்று பாருங்கள்.

பள்ளியில் வைத்து நடத்துகிற பயிற்சியை எங்காவது சோதித்துப் பார்க்க நினைத்தால் எங்கள் பள்ளியையே எடுத்துக்கொள்ளலாம். தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசிவிட்டேன், அவர்களுக்குச் சம்மதம். அறை சின்னது, பன்னிரண்டு பேருக்கு மேல் சுற்றி உட்கார முடியாது. காலை உணவு முடிந்து ஒன்பதே காலுக்கெல்லாம் பிள்ளைகள் தயாராக இருப்பார்கள். பருவத்தின் முதல் வாரம் வேண்டாம், சூளைக்குப் போன குடும்பங்கள் திரும்பியிருக்காது. இரண்டாம் வாரத்துக்கு மேல் எந்த நாளென்றாலும் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஈராசிரியர் பள்ளியின் இடைநிலை ஆசிரியை